பாசம் என்றால் கயிறுதான், அதனால் என்ன?

ஏப்ரல் 19, இரவு

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆயா என் மேல் வைத்த பாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாசம் வடசொல். கயிறு என்று பொருள், அதிலும் சுருக்குக் கயிறு. எமன் கையில் இருப்பது அதுதான். அன்பு என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது, பேத்தியைக் கொஞ்சுவதற்கு எமனுடைய கயிற்றை ஏன் கடன் வாங்குகிறீர்கள்?"

கயிற்றைப் பற்றி எனக்குச் சொல்கிறார்! காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வலையும் கயிறும் மிதவையும் விற்கும் கடையில் 14 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். காலையில் கடை திறந்ததும் மூக்கில் ஏறுவது கயிற்று வாசனை. வீட்டுக்கு வந்து கையைக் கழுவினாலும் போகாது.

அவர் சொல்லும் பொருளில் பிழையில்லை. பாசம் என்பது வடமொழியில் கயிறு, கண்ணி, சுருக்கு. கட்டுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. எமனிடமும் வருணனிடமும் இருக்கிறது. பிள்ளையார் ஒரு கையில் அங்குசமும் இன்னொரு கையில் பாசமும் வைத்திருக்கிறார். நாம் பாசக்கயிறு என்கிறோம், அது கயிற்றுக்கயிறு என்று சொல்வது போல. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்று மூன்று. இறைவன் பதி, உயிர் பசு, உயிரைக் கட்டியிருக்கும் ஆணவம், கன்மம், மாயை மூன்றும் பாசம். கட்டுண்டு கிடப்பதால்தான் உயிருக்குப் பசு என்று பெயர் என்பார்கள். திருமந்திரத்திலேயே "பதிபசு பாசம் எனப்பகர் மூன்றில்" என்று வந்துவிடுகிறது.

ஆகவே பழைய நூல்களில் பாசம் என்றால் அறுத்தெறிய வேண்டியது. அன்பு என்ற பொருள் நேற்று வந்தது, வீட்டுப் பேச்சில் வந்தது. அப்படி வந்தாலும் அதில் என்ன குற்றம்? என் ஆயா என்னைக் கயிற்றால்தான் கட்டிவைத்தாள். அந்தக் கயிற்றுக்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.


ஏப்ரல் 20

கட்டிவைத்தாள் என்று நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் பதறியிருக்கிறார்கள். விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. வாசலில் இறங்கி ஓடினால் அலை. இன்றைக்கு இருக்கும் கருங்கல் தடுப்பெல்லாம் எங்கள் பக்கத்தில் அப்போது இல்லை. நைனா கடலில். அம்மா ஐஸ் கம்பெனியில். ஆயா அன்னக்கூடையில் நெத்திலியும் காரப்பொடியும் எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்கப் போய்விடுவாள். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார்தான், ஆனால் அவருக்கும் மூன்று பிள்ளைகள். அதனால் என் இடுப்பில் பழைய சேலைக் கிழிசலை முறுக்கிக் கட்டி, மறுமுனையைத் தாழ்வாரத் தூணில் கட்டிவிடுவார்கள். வாசல்படி வரைக்கும் எட்டும், மணலுக்கு எட்டாது.

எனக்கு அப்போது மூன்று வயது இருக்கும். நினைவில் இருப்பது இரண்டே இரண்டுதான். ஒன்று, வாசல்படியின் விளிம்பு. கயிறு அங்கே விறைத்து நின்றுவிடும். இன்னொன்று, முதுகுப் பக்கம் முடிச்சில் வேலை செய்யும் ஆயாவின் விரல்கள். மீன் செதிள் ஒட்டிக் காய்ந்த விரல்கள். அவை முதுகில் படும்போது குளிர்ச்சியாக இருக்கும். முகம் தெரியாது, பின்னால் நிற்பாள். விரல் மட்டும் தெரியும்.

அந்தக் கயிற்றை நான் வெறுத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.


ஏப்ரல் 23

சுருக்குக் கயிறு என்ற கற்பனையே வெளியிலிருந்து வந்தது, தமிழ் அன்பில் கட்டு கிடையாது என்கிறார் அதே வாசகர்.

கட்டு கிடையாதா? கல்யாணத்தை நாம் எப்படிச் சொல்கிறோம்? "அவளைக் கட்டிக்கொண்டான்." "கட்டியவன் சரியில்லை." "யாரைக் கட்டிக்கொடுத்தார்கள்?" பிள்ளை ஓடிவந்தால் என்ன செய்கிறோம்? கட்டிக்கொள்கிறோம், கட்டிப்பிடிக்கிறோம். பிறந்த குழந்தைக்கு முதல் நகையே அரைஞாண் கயிறு. பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு, மூன்று முடிச்சு. இவற்றில் கட்டும் பிடியும் முடிச்சும் நம்முடையவை. பாசம் என்ற சொல் இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது, அதற்கான வீடு ஏற்கெனவே கட்டி முடிந்திருந்தது.

பற்று என்ற சொல்லைப் பாருங்கள். பற்றுதல் என்றால் கையால் பிடித்தல். "பற்றுக பற்றற்றான் பற்றினை" என்ற குறளில் ஒரே வேர் ஆறு முறை வந்து வெவ்வேறு வேலை செய்கிறது. விட வேண்டியதும் பற்றுதான், பிடிக்க வேண்டியதும் பற்றுதான்.

தினமும் சொல்லும் "பிடிக்கும்" இன்னும் விசேஷம். "எனக்கு அவனைப் பிடிக்கும்" என்னும்போது பிடிப்பது யார்? நான் பிடிக்கிறேன் என்று நாம் சொல்வதில்லை. எனக்குப் பிடிக்கிறது. காய்ச்சல் பிடிப்பது போல, பேய் பிடிப்பது போல, மழை பிடித்துக்கொள்வது போல. ஏதோ ஒன்று வந்து பிடிக்கிறது, நாம் நிற்கும் இடத்திலேயே அகப்படுகிறோம்.


ஏப்ரல் 24

விட்டுப்போனது: பந்தம் என்பதும் கட்டுதான். பந்துக்கள் என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறோமே, கட்டப்பட்டவர்கள் என்று பொருள். "பந்தபாசம்" என்பது கட்டும் கயிறும்.


மே 2, அதிகாலை

நான் எழுதியது தவறு. ஏப்ரல் 19ஆம் தேதிக் குறிப்பை அழிக்கவில்லை, இருக்கட்டும். ஆனால் அதில் ஒரு வரி முழுக்கத் தவறு.

"பழைய நூல்களில் பாசம் என்றால் அறுத்தெறிய வேண்டியது. அன்பு என்ற பொருள் நேற்று வந்தது" என்று அடித்துச் சொல்லியிருந்தேன். நேற்று ராத்திரி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, காரணமே இல்லாமல் மார்கழி மாதத்து ஒலிபெருக்கி காதில் கேட்டது. சின்ன வயதிலிருந்து கேட்டது, அதனால் பொருளை யோசித்ததே இல்லை. திருவெம்பாவையின் இரண்டாம் பாட்டு:

"பாசம் பரஞ்சோதிக் கென்பாய் இராப்பகல்நாம்
பேசும்போ தெப்போதிப் போதார் அமளிக்கே
நேசமும் வைத்தனையோ"

கையில் சோப்புத் தண்ணீரோடு அப்படியே நின்றுவிட்டேன். தோழியை எழுப்பும் பெண்கள் கேட்கிறார்கள்: ராவும் பகலும் நாம் பேசும்போதெல்லாம் என் பாசம் அந்தச் சோதிக்கு என்று சொல்வாயே, இப்போது இந்தப் பூப்படுக்கைக்கு நேசம் வைத்துவிட்டாயா? இங்கே பாசம் என்றால் கயிறா? ஆணவம், கன்மம், மாயை என்ற மலமா? அன்பேதான். ஆயாவும் அம்மாவும் சொல்லும் அதே பாசம், ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே.

இன்னும் இருக்கிறது. இதைப் பாடியவர் மாணிக்கவாசகர். அவரே, அதே திருவாசகத்தில், சிவபுராணத்தில் என்ன சொல்கிறார்?

"பாசமாம் பற்றறுத்துப் பாரிக்கும் ஆரியனே
நேச அருள்புரிந்து நெஞ்சில்வஞ் சங்கெட"

அங்கே பாசத்தை இறைவன் அறுக்கிறான், நேசத்தைத் தருகிறான். திருவெம்பாவையில் பாசம் இறைவனுக்குப் போகிறது, நேசம் மெத்தைக்குப் போகிறது. இரண்டு சொல்லும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. ஒரே கவி, இரண்டு பாட்டு. இதற்கு இதுதான் பொருள் என்று அவர் எந்தச் சொல்லையும் கட்டிவைக்கவில்லை.

மணி மூன்றரை. தூக்கம் போய்விட்டது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் துறைமுகத்துப் பக்கம் சத்தமே இல்லை.


மே 3

வாசகரின் பதில்: கோயில் பாட்டில் வருவது பக்தி, வீட்டில் வரும் பாசம் வேறு.

ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பாட்டில் பேசுபவர்கள் விடியலில் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து எழுப்பும் பெண்கள். எங்கள் தெருக்குழாயில் குடத்தோடு நின்று பேசுபவர்களின் பேச்சுதான் அது. நீ அவன் மேல் பாசம் என்பாயே, இப்போது தூங்குகிறாயே என்கிறார்கள். வீட்டுச்சொல்லாக இல்லாத ஒன்றை அந்தக் கேலியில் வைக்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியிலும் பாசம் என்ற சொல்லுக்குக் கீழே கயிறும் இருக்கிறது, அன்பும் இருக்கிறது.

நேசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேசம் மட்டும் உள்ளூர்ச் சொல்லா? அது சிநேகம் என்ற வடசொல்லின் தேய்ந்த உருவம். சிநேகத்துக்கு வடமொழியில் எண்ணெய், பிசுபிசுப்பு என்றும் பொருள். மருத்துவத்தில் நெய் குடிக்கவைப்பதற்கு அந்தச் சொல்தான். எண்ணெய் போல ஒட்டிக்கொள்வதால் அன்பு. அந்த ஒரே சொல் நம்மிடம் சிநேகம், நேசம், நேயம் என்று மூன்று தடவை வந்து மூன்று வேலைக்குப் போய்விட்டது. சிநேகம் நட்புக்கு, நேசம் காதலுக்கும் கனிவுக்கும், நேயம் மனிதநேயம் என்று மேடைக்கு. மலையாளத்தில் அம்மாவின் அன்பும் சிநேகம்தான், காதலியின் அன்பும் சிநேகம்தான். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வீட்டுமொழி தெலுங்கு. அங்கே நட்புக்கு நெய்யமு என்று ஒரு சொல் உண்டு, அதுவும் இதே குடும்பம்.

எண்ணெய் ஒட்டும், கயிறு கட்டும். இன்னொன்று ஈரம். "நெஞ்சில் ஈரம் இல்லாதவன்" என்கிறோம், "இன்சொலால் ஈரம் அளைஇ" என்பது குறள். அன்புக்கு நம்மிடம் இருக்கும் சொற்களில் எத்தனை, கையால் தொட்டால் தெரியும் பொருளிலிருந்து வந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிறேன். முடிவாக ஏதும் சொல்லத் தோன்றவில்லை, தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது.


மே 4

பட்சம்! எப்படி மறந்தேன். நைனாவின் அப்பாவுக்கு வந்த பழைய கார்டுகளில் "பட்சமுள்ள தம்பிக்கு" என்றுதான் ஆரம்பிக்கும். பட்சம் என்றால் இறக்கை, பக்கம். உன் பக்கம் நிற்கிறேன் என்பதுதான் அங்கே அன்பு. என் தலைமுறையில் யாரும் அப்படி எழுதி நான் பார்க்கவில்லை. பட்சபாதம் மட்டும் மிஞ்சிவிட்டது, அதுவும் குற்றமாக.


மே 9

ஒருவர் கேட்கிறார்: "தொட்டியில் பாசம் பிடித்திருக்கிறது என்கிறோமே, அது எந்தப் பாசம்?"

அது வேறு. பாசி, பச்சை, பசுமை, பயிர் பச்சை என்ற குடும்பம். பழம்பாட்டுகளில் பாசிலை, பாசடை என்றால் பசிய இலை. வடக்கிலிருந்து வந்த பசு மாடு, இங்கேயே முளைத்த பசு பச்சை. இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஆனால் உறவில்லை.

ஆனால் என் ஆயாவுக்கு இரண்டு பாசமும் ஒன்றுதான். எங்கள் குளியலறைச் சிமெண்டுத் தரையில் பச்சையாகப் படிந்து வழுக்கும். சுண்ணாம்புத் தூள் போட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்க்கும்போது ஆயா சொல்வாள்: "பாசம் வைத்தவர்கள்தான் வழுக்கி விழுவார்கள், பார்த்துக் கால் வை." நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். அகராதிக்கு இரண்டு சொல், அவளுக்கு ஒரு வாய்.


மே 17

திருவொற்றியூர் போய் வந்தேன். மாசித் திருவிழாவில் மகிழடி சேவைக்குப் போக முடியவில்லை, மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று மகிழ மரத்தடியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். சுந்தரருக்குத் திருவாரூரில் பரவை என்று மனைவி இருக்கிறார். ஒற்றியூருக்கு வருகிறார். இங்கே ஞாயிறு என்ற ஊர்ப் பெண் ஒருத்தி இறைவனுக்குப் பூமாலை தொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் பெயர் சங்கிலி. சுந்தரர் அவளைக் கேட்கிறார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். கோயிலுக்குள் இறைவன் முன்னால் சத்தியம் செய்தால் மீறுவது கஷ்டம் என்று நினைத்து, அந்த நேரத்துக்கு நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடமே கேட்டுக்கொள்கிறார். இறைவன் சரியென்று சொல்லிவிட்டு, சங்கிலியின் கனவில் போய், மரத்தடியில் சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். மரத்தடியில் சத்தியம். பின்னால் ஆரூர் நினைப்பு வந்து ஊர் எல்லையைத் தாண்டுகிறார், இரண்டு கண்ணும் போகிறது. காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறுகண் என்று திரும்பக் கிடைக்கிறது. பெரியபுராணத்தில் விரிவாக இருக்கிறது.

அறுக்க வேண்டிய கட்டுதான் பாசம் என்று நூல்கள் சொல்லிக்கொண்டிருக்க, கட்டை அறுத்துக்கொண்டு போனவருக்குக் கண் போனது என்று எங்கள் ஊர்க்கோயில் வருடா வருடம் விழா எடுக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரே சங்கிலி. சிருங்கலா என்ற வடசொல்லிலிருந்து வந்தது, அதுவும் கட்டும் பொருள்தான். சுந்தரரின் கண் எங்கே போனது, எங்கே திரும்பியது என்று ஊர் ஊராகச் சொல்லும்போது என் மனம் மட்டும் இந்த மரத்தடியைவிட்டு நகராது.


மே 18

நேற்று எழுதியதில் எனக்கே ஒரு தயக்கம். சத்தியம் வாங்கிக் கட்டிவைப்பது பாசமா? பிரிய மாட்டேன் என்று வாய் சொல்லி, மனம் ஆரூரில் இருந்தால் அந்தக் கட்டுக்கு என்ன அர்த்தம்? வாசகர் சொன்ன சுருக்கு இதுதானோ?

இழுக்க இழுக்க இறுகுவது சுருக்கு. அவர் சொன்னதில் ஆணியடித்தது போல நிற்பது இந்த ஒரு சொல். கயிறு என்று மட்டும் சொல்லியிருந்தால் இவ்வளவு நாள் யோசித்திருக்க மாட்டேன்.


மே 26

தடைக்காலம் என்றால் கடைக்கு ஓய்வு என்று நினைப்பார்கள், அப்படி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில்தான் படகுக்குப் பெயிண்ட், வலைக்குத் தையல், பழைய கயிற்றுக்கு மாற்று. கயிறு கிலோ கணக்கில்தான் போகும். கனத்தை மில்லிமீட்டரில் கேட்பார்கள். வெட்டிய முனை பிரிந்துபோகாமல் இருக்க மெழுகுவர்த்தியில் காட்டி உருக்குவோம். அந்த முனை கறுத்துக் கட்டியாகி ஒரு பொத்தான் போல ஆகிவிடும்.

கடையில் ஒரு பெரியவர் இருக்கிறார், முப்பது வருடம் கடலுக்குப் போய்விட்டுக் கரையேறியவர். அண்ணே, சுருக்கு போட்டுப் படகைக் கட்டுவீர்களா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கையிலிருந்த கயிற்றை எடுத்து மேசையில் இரண்டு வளையம் போட்டார்.

முதல் வளையத்தில் என் மணிக்கட்டை விடச் சொல்லி இழுத்தார். இறுகியது. இன்னும் இழுத்தார், இன்னும் இறுகியது. வலித்தது. இது எதற்கென்றால், அடித்த பெரிய மீனை வாலில் மாட்டித் தூக்க என்றார். பிறகு இரண்டாவது வளையம். அதில் கயிறு தன்னையே ஒரு சுற்றுச் சுற்றித் தன் கண்ணுக்குள் நுழைந்திருந்தது. கையை விட்டேன். பலம்கொண்ட மட்டும் இழுத்தார். வளையம் அப்படியே நின்றது, ஒரு நூல் அளவும் சுருங்கவில்லை. கையை உருவிக்கொள்ளலாம். ஆளைத் தண்ணீரிலிருந்து தூக்குவது இதில்தான், படகைத் துறையில் கட்டுவது இதில்தான் என்றார்.

கயிறும் பார்த்து எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், விட்டால் திரும்பும். நீளாத கயிற்றால் இழுத்துக் கட்டினால், அலை தூக்கும்போது கட்டையே பிய்ந்துகொண்டு வரும். கட்டும்போதே அலைக்கு இடம் விட வேண்டும்.

மாலையில் கணக்கு நோட்டை மூடும்போது என் மணிக்கட்டில் முதல் கயிற்றின் முறுக்குத் தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.


ஜூன் 1

இதை எழுதவே கை வரவில்லை.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு என் போனில் இதையெல்லாம் படித்துவிட்டாள். படித்து முடித்து, ஏப்ரல் 20ஆம் தேதிக் குறிப்பைத் திரும்ப மேலே தள்ளிக் காட்டினாள். "ஆயா கட்டினாள் என்று எழுதியிருக்கிறாய். ஆயா எங்கே கட்டினாள்? கட்டியது நான்."

ஐஸ் கம்பெனிக்கு விடியற்காலை நான்கரைக்குப் போக வேண்டும். நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கட்டிவிட்டுப் போவாளாம். முழித்திருந்தால் நான் அழுவேன், அழுதால் அவளால் போக முடியாது. ஆயா அதற்காக அம்மாவோடு சண்டை போடுவாளாம். மாட்டைக் கட்டுவது போலப் பிள்ளையைக் கட்டுகிறாயே என்று. ஆனால் அவளுக்கும் வேறு வழியில்லை, கூடையைத் தூக்கிக்கொண்டு அவளும் போக வேண்டும். மதியம் திரும்பி வந்ததும், கூடையை இறக்குவதற்கு முன்னால், தலையில் சும்மாடு இருக்கும்போதே குனிந்து என் கட்டை அவிழ்ப்பாளாம். தண்ணீர் கூடக் குடிக்க மாட்டாளாம்.

நாற்பது வருடமாக என் முதுகில் இருக்கும் அந்தக் குளிர்ந்த விரல்கள் கட்டிய விரல்கள் அல்ல, அவிழ்த்த விரல்கள். காலையில் கட்டியிருந்தால் அந்த விரலில் ஏது மீன் செதிள்? மீன் விற்றுவிட்டு வந்த பிறகுதானே இருக்கும்? நானே எழுதியிருக்கிறேன், காய்ந்த செதிள் என்று. எழுதும்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அம்மாவின் விரல் எனக்கு நினைவே இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.


ஜூன் 2

நேற்றைய குறிப்புக்குப் பிறகு, தொடங்கிவைத்த வாசகர் எழுதியிருக்கிறார். சொல்லாராய்ச்சியை விட்டுவிட்டார். தன் அப்பா சைக்கிள் முன்கம்பியில் சின்ன இருக்கை வைத்து, துண்டால் தன்னை ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டி வியாசர்பாடியிலிருந்து பெரம்பூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவாராம். தூங்கி விழுந்துவிடக்கூடாது என்று. அந்தத் துண்டின் நிறம்கூட எழுதியிருக்கிறார். அன்பு என்ற சொல்தான் தனக்கு இன்னும் பிடிக்கும் என்றும் சேர்த்திருக்கிறார்.

எனக்கும் பிடிக்கும். அன்பை நான் எங்கே வேண்டாம் என்றேன்? "அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்" என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து மறக்கவில்லை. அது தாழ்ப்பாளை மீறிக்கொண்டு கண்ணீராக வெளியே வருவது. கதவைத் திறந்துகொண்டு வருவது அன்பு. விடியற்காலை நான்கு மணிக்கு, தூங்கும் பிள்ளையைத் தூணில் கட்டிவிட்டு வேலைக்குப் போனாளே, அதற்கு எனக்கு வேறு சொல் வேண்டும்.


ஜூன் 7

ஒரு சிறு திருத்தம். கடற்கரையான நெய்தல் நிலத்துக்கு இரங்கல் என்று இலக்கணம் வகுத்தார்களே, அதைப் பாசத்தோடு சேர்த்து எழுதுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். முயன்று பார்த்தேன், எழுதியதை எடுத்துவிட்டேன். கரையில் நின்று காத்திருக்கும் தலைவியின் ஏக்கம் வேறு விஷயம். எங்கள் தெருப் பெண்கள் காத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. அவர்கள் வேலைக்குப் போனார்கள்.


ஜூன் 14, இரவு

இன்றோடு தடை முடிகிறது. சாயங்காலத்திலிருந்தே துறைமுகச் சாலையில் ஐஸ் வண்டிகள். கடையில் நிற்க இடமில்லை, கடைசி நேரத்துக் கயிறு, கடைசி நேரத்து மிதவை. பெரியவர் மூன்று முறை டீ கேட்டார், மூன்று முறையும் குடிக்க நேரமில்லாமல் ஆறிப்போனது. ஒன்பது மணிக்குத்தான் வீடு வந்தேன். மிச்சம் விழுந்த ஒரு முழக் கயிற்றைக் கையோடு எடுத்து வந்தேன்.

மே 18லிருந்து ஒரு கேள்வி இருந்தது. அதை அம்மாவிடம் கேட்க இத்தனை நாள் தைரியம் வரவில்லை. இன்று கேட்டேன்: என்னைக் கட்டியது எந்த முடிச்சு?

அம்மாவுக்கு 67 வயது. மூட்டுகள் வீங்கிய விரல்கள். முடிச்சுக்குப் பெயர் தெரியாது என்றாள், கை மட்டும் அறியும் என்றாள். கயிற்றை வாங்கிப் பிளாஸ்டிக் நாற்காலியின் காலில் சுற்றினாள். ஒரு சுற்று. முனையைத் தன்மேலேயே வளைத்தாள், கண்ணுக்குள் விட்டாள், இழுத்தாள். பார்க்காமலே செய்தாள், டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "உன் நைனா சொல்லிக்கொடுத்தது. இறுகினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று சொன்னார்."

நான் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். நாற்காலி நகர்ந்து வந்தது. வளையத்துக்கும் நாற்காலிக் காலுக்கும் நடுவே என் இரண்டு விரல் நுழையும் இடம் அப்படியே இருந்தது.

அவிழ்க்கப் பார்த்தேன். வரவில்லை. அம்மாவும் பார்த்தாள், அவளுக்கும் வரவில்லை. அவிழ்ப்பது ஆயாவின் வேலை, நான் கட்டிவிட்டுப் போய்விடுவேன் என்றாள். கத்தரிக்கோல் எடுக்கப் போனவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே படகுகள் ஒவ்வொன்றாக எஞ்சின் போடும் சத்தம் வருகிறது.